திரையில் டைட்ரேஷன் பழகினால் கை பழகுமா?

கேள்வி: வகுப்பில் 40 மாணவர்கள், இருப்பது 6 பியூரெட் (அடியில் திருகு குழாய் உள்ள, அளவுக்கோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாய்). டைட்ரேஷனை (செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் செய்முறையை) கணினித் திரையில் இயங்கும் மெய்நிகர் ஆய்வகத்திலேயே முடித்துவிடலாமா? இணையமும் அடிக்கடி அறுந்துபோகிறது. – ஒரு வேதியியல் ஆசிரியை

பதில்: முடிக்க வேண்டாம், அங்கே தொடங்குங்கள்.

திரையில் நன்றாகப் படிவது வேலையின் வரிசை: எதை பிப்பெட்டில் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாயில்) எடுப்பது, எதை பியூரெட்டில் நிரப்புவது, எப்போது சொட்டுச் சொட்டாக விடுவது, கணக்கை எப்படிப் போடுவது. தப்பினால் கரைசல் வீணாகாது, ஒரு சொடுக்கில் மறுபடி ஆரம்பிக்கலாம். இந்தக் குழப்பமெல்லாம் முன்பே தீர்ந்திருந்தால், சுழற்சி முறையில் 6 பியூரெட்டே போதும்.

ஒரே நிபந்தனை, சொடுக்கும் முன் விடையை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். "குடுவையில் 0.1 மோலார் அமிலம் 20 மி.லி., பியூரெட்டில் அதே செறிவுள்ள காரம். அமிலத்தின் செறிவை இரு மடங்காக்கினால் எத்தனை மி.லி. காரம் தேவைப்படும்?" என்று கேளுங்கள். (ஒரு மூலக்கூறுக்கு ஒரே புரோட்டானைத் தரும் அமிலம் என்றால் 40.) எழுதாமல் விட்டால் பிள்ளைகள் பொத்தானை இழுத்து விளையாடிவிட்டு எழுந்து போவார்கள். பார்த்திருக்கிறேன்.

இணையத்துக்கு: கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைகள், அதாவது திரையில் செய்துபார்க்கும் சோதனைகள், இலவசம். பலவற்றைப் பதிவிறக்கி இணையமில்லாமலே ஓட்டலாம். பிஹெச் அளவுகோல், அமில-காரக் கரைசல்கள் இரண்டும் தொடக்கத்துக்குப் பொருத்தம்.

திரை கற்றுத்தராதது கையின் வேலை. பியூரெட்டின் முனையில் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருக்கும். பாதி வழியில் அது வெளியேறினால், குடுவைக்குப் போகாத கரைசலும் அளவில் சேர்ந்துவிடும். புனலை எடுக்க மறந்தால் அதிலிருந்து சொட்டி வாசிப்பு மாறும். ஒரு கை குழாயைத் திருக, மறு கை குடுவையைச் சுழற்ற வேண்டும். கண் பிறைக்கோட்டின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பின்) அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நிறங்காட்டியான பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு சுமார் 30 விநாடி நிற்கிறதா என்று பொறுத்தும் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு கூடினால் நிறம் அடர்ந்துவிடும்.

எளிய பாவனையில் மூன்று முறையும் 20.0 மி.லி. வரலாம். ஆய்வக மேசையில் 20.3, 20.1, 20.1 என்பதுபோலத்தான் வரும். முதல் வாசிப்பில் கூடிய அந்த 0.2 எங்கிருந்து வந்தது என்பதை வகுப்பில் விவாதியுங்கள். பிழை பற்றித் தனிப்பாடம் தேவைப்படாது.

செய்முறை மதிப்பெண்ணை மேசையில் மட்டும் போடுங்கள். என் வழக்கம், முனையில் குமிழி இருக்கும் பியூரெட்டை நீட்டி, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பது.