அறிவியல் தப்பாக இருந்தால் அறிவியல் புனைகதை வீணா?

என்னைக் கேட்டால், இல்லை. ஜூல் வெர்ன் 1865-ல் எழுதிய நிலவுப் பயணக் கதையில் மூன்று பேரைப் பீரங்கிக் குண்டுக்குள் உட்கார வைத்துச் சுடுகிறார்கள். நிஜத்தில், குழாயை விட்டு வெளியே வருவதற்குள் மூவரும் நசுங்கிப்போவார்கள். ஆனால் பூமியை விட்டு விலகத் தேவையான வேகத்தை, நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் என்று வெர்ன் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லியிருந்தார். ஃப்ளோரிடாவிலிருந்து சுடுவதாக எழுதினார். 1969-ல் அப்போலோ 11 மூவரோடு கிளம்பியதும் அங்கிருந்துதான்! அப்புறம், ராக்கெட் அறிவியலுக்கு அடித்தளமிட்ட சியோல்கோவ்ஸ்கிக்கு விண்வெளி ஆசையை மூட்டியதும் வெர்னின் கதைகளே.

எனக்குப் பொறுக்காதது வேறு. தானே வகுத்த விதியைக் கதை கடைசிக் காட்சியில் மீறினால், அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவேன். திரைப்படங்களில் இது இன்னும் அதிகம்.