இன்னொரு குட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லாருக்கீங்களா? நான் திருப்பூரில் இருக்கிறேன். கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கார்த்திகைக் கடைசியில் இங்கே ஒரு காப்பகத்தில் இடமில்லை என்று இரண்டு நாய்க்குட்டிகளைக் கொடுத்து, நல்ல இடம் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஃபாஸ்டர் என்கிறார்கள். வரும்போது நாலு வாரக் குட்டிகள். இப்போது மூன்று மாதம் ஆகப்போகிறது. இரண்டு ஊசி போட்டாகிவிட்டது.

டைகர் எங்களோடு அப்படி ஒட்டிக்கொண்டது. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டைகர் அவனை ஷூ கழற்ற விடாது. குக்கர் விசில் அடித்தால் எனக்கு முன்னால் டைகர் அடுப்படியில் நிற்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒரு குடும்பம் டைகரைக் கேட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பையன் சாப்பிட மாட்டேன் என்கிறான். எனக்கும் ராத்திரியில் தூக்கம் இல்லை. நம்மை விட்டுவிட்டார்களே என்று டைகர் நினைக்குமா? வளர்த்த வாயில்லா ஜீவனைத் தூக்கிக் கொடுப்பது பாவம் என்று அத்தை சொல்கிறார்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷனில் ஒரே புகார். கோர்ட் உத்தரவு வந்ததிலிருந்து அதுவும் பயமாக இருக்கிறது. கொடுப்பதா, நாங்களே வைத்துக்கொள்வதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பொட்டை. அதை யாரும் கேட்கவில்லை. காப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம்.

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள அம்மிணி,

டைகரைக் கொடுங்கள். கொடுப்பதற்காகத்தானே வாங்கினீர்கள்? நீங்களே வைத்துக்கொண்டால் அடுத்த குட்டிக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்காது. அது நாலைந்து நாள் முனகும். உங்கள் பழைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள், அதன்மேல் சுருண்டு படுத்துக்கொள்ளும். பிறகு சோறு வைக்கிற கையோடு ஒட்டிக்கொள்ளும். அழப்போவது நீங்களும் பையனும்தான். அழுதுவிட்டுப் போங்கள், அதனாலென்ன.

அசோசியேஷன்காரர்கள் கத்துவார்கள். குடியிருப்புச் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரு நகல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கோர்ட் விஷயத்தில் பாதிப் பயம் வாட்ஸப்பில் வந்தது. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே 22-ஆம் தேதி அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிபிடித்ததையும் ஆளைக் கடிக்கப் பாய்வதையும் மட்டும் விடக்கூடாது என்றது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த நாயைத் திரும்பத் தெருவில் விடக்கூடாது என்றும் சொன்னது. பிறகு நவம்பரில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களில் பிடித்ததை மட்டும் அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. நீங்கள் வீட்டுக்குள் வளர்க்கிற குட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் அத்தை சொல்வதை மட்டும் கொஞ்சம் கேட்கலாம், பெரியவர்கள். ஆனால் அவர்கள் காலத்தில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு வளர்க்காத வளவு நம் பக்கம் எங்கே இருந்தது? ஒருவர் வாங்கி விடுவார், இன்னொருவர் ஓட்டிப்போய் மேய்த்து வளர்ப்பார், ஈன்றதைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். வளர்த்ததைக் கொடுக்கிறோமே என்று யாரும் பாவக்கணக்கு எழுதவில்லை. அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இதற்கெல்லாம் பதில் எழுத நான் உட்காரவில்லை. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உட்கார்ந்தேன். 'இன்னொன்று பொட்டை.' கடிதம் பூராவும் வரிக்கு வரி டைகர் வருகிறான். அவனோடு ஒரே வயிற்றில் கிடந்து, ஒரே பெட்டியில் உங்கள் வீட்டுக்கு வந்து, ஒரே தட்டில் சோறு தின்றவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஊசிபோட்ட கார்டில் என்ன எழுதினீர்கள்? 'இன்னொன்று' என்றா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இது கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் இங்கே கோபியில் சந்தைக்கு வெளியே தக்காளிப்பெட்டி ஒன்றில் நாலு குட்டிகள் கிடந்தன. டிவிஎஸ் ஐம்பதை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கினார். நல்ல மனுசர் போல என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, வயிற்றைத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் பெட்டிக்குள் வைத்தார். நாலையும் பார்த்து முடித்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். நான் போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, நாலும் பொட்டைதான்.

தாராபுரத்துக்கு மேற்கே எங்கள் தோட்டம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். கட்டுத்தரை மூலையில் சோளத்தட்டுப் போருக்கு அடியில் எங்கள் நாய் வெள்ளச்சி குட்டி போட்டிருந்தது. ஐந்து. கண் திறந்த பிறகு ஒருநாள் வெடியால அப்பாரு போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். குட்டியின் பிடரியைப் பிடித்துத் தூக்குவார், கட்டைவிரலால் வாலை ஒதுக்கிப் பார்ப்பார். ஒன்றே ஒன்றைத் திரும்பச் சோளத்தட்டில் விட்டார். மீதி நாலும் உரச்சாக்குக்குள் போயின. சாக்கின் வாயை இறுகக் கட்டவில்லை, மூச்சு முட்டக்கூடாதாம், அவ்வளவு இரக்கம் இருந்தது. சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போனவர் பொழுதோட வெறும் சாக்கோடு வந்தார். "சந்தைத் திடல்ல விட்டுட்டேன், யாராச்சும் எடுத்துக்குவாங்க" என்றார். வெள்ளச்சி கிளுவை வேலி ஓரமாகவே மூக்கைத் தரையில் வைத்து இட்டாரிச் சந்து வரைக்கும் போகும், திரும்பி வரும், மறுபடியும் போகும். ஒற்றைக்குட்டி குடித்துத் தீராமல் பால்கட்டி மடி கல்லாகிவிட்டது. ஆத்தா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே யாரையோ திட்டினாள். யாரை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இதில் வேடிக்கை, வெள்ளச்சியே சந்தைத் திடலில் கிடந்து எடுத்துவந்த குட்டிதான். எங்கள் சின்ன மாமன் வேடிக்கைக்குத் தூக்கிவந்தது. பத்து வருசம் அந்தத் தோட்டத்துக்குக் காவல் இருந்தது அதுதான். சாமத்தில் மோட்டார் ரூம் பக்கம் ஆள் நடமாடினால் அது குரைக்கிற குரலிலேயே அப்பாரு எழுந்துவிடுவார், வேறு குரலில் குரைத்தால் கீரிப்பிள்ளை என்று புரண்டு படுத்துக்கொள்வார். பொட்டை காவலுக்கு ஆகாது என்று அந்த மனுசனால் எந்த வாயால் சொல்ல முடியும்? சொல்லவும் இல்லை. கணக்குத்தான் பார்த்தார்.

கணக்கு இதுதான். புரட்டாசி வந்தால் ஊர் நாயெல்லாம் வாசலில் நிற்கும். அதிலிருந்து அறுபத்து மூன்று நாளில் குட்டி. குட்டியை என்ன செய்வது? அந்தக் காலத்தில் அதற்கு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு ஆறு மாதம் ஆனதும் ஒரே ஒரு ஆபரேஷன். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவார்கள், பத்து நாளில் தையல் பிரிக்கலாம். வாசலில் கூட்டம் இல்லை, குட்டி இல்லை, வயதான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ்பிடித்துச் சாகிற பயமும் இல்லை. கடுவனுக்கு ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? புரட்டாசியில் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் மூன்றாம் நாள் காது கிழிந்து வரும். அல்லது வராது. அதற்குப் பெயர் காவலா?

ஆட்டில் பெட்டை பிறந்தால் வீட்டில் சந்தோஷம், கிடாய் கறிக்கடைக்கு. எருமையிலும் அப்படியே. நாயில் மட்டும் தலைகீழ். கர்ப்பப்பையால் காசு வந்தால் வேண்டும், தொந்தரவு வந்தால் உரச்சாக்கு. நாயோடு மனுசியைச் சேர்த்துப் பேசுகிறாளே என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வேண்டாமென்று விடுகிற பெண்குழந்தைகளுக்காக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் ஏன் சேலத்தில் தொடங்கியது என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கட்டும்.

சந்தையில் விட்ட நாலில் ஒன்று பிழைத்தாலும் ஒரு வருசத்துக்குள் அது குட்டி போடும். தெருநாய் பெருகிவிட்டது என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற ஊரும் பொட்டைக்குட்டியைச் சந்தையில் விடுகிற ஊரும் ஒரே ஊர்தான்.

நீங்கள் சந்தையில் விடவில்லை, காப்பகத்துக்குத்தானே அனுப்புகிறோம் என்பீர்கள். இடமில்லை என்றுதானே உங்களிடம் கொடுத்தார்கள்? இரண்டு ஊசி போட்டாயிற்று என்று தைரியமாக இருக்காதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசிமருந்தை வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். உங்கள் குட்டிக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி, மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி வேறு. பத்து இடத்து நாய்கள் வந்துபோகிற கூண்டில் குட்டிகளைக் கொல்கிற பார்வோ கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலில் கழுவினால் வாசம்தான் மாறும், அந்தக் கிருமி பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். காப்பகத்துக்காரர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பாடு அவர்களுக்கு. இரண்டு மாதம் பாடுபட்டு வளர்த்ததை ஒரு ஊசி பாக்கி இருக்கும்போது அங்கே கொண்டுபோய் விடாதீர்கள் என்கிறேன்.

பாடுபட்டு என்று சும்மா சொல்லவில்லை. நாலு வாரக் குட்டி இரண்டை மார்கழிப் பனியில் பிழைக்கவைத்திருக்கிறீர்கள். தெரியாதவர்கள் பசும்பாலை ஊற்றியே கொன்றுவிடுவார்கள். நாய்ப்பாலில் இருக்கிற கொழுப்பில் பாதிகூட அதில் கிடையாது, சர்க்கரையோ அதிகம், வயிற்றால் போய்ச் சுருண்டுவிடும். அதோடு மூன்றாம் வாரத்திலிருந்து பதினாலாம் வாரம்வரை எதைப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ அதற்குத்தான் நாய் பிற்பாடு பயப்படாது. சோமனூரில் என் தோழி இப்படி வளர்த்துக் கொடுத்த குட்டி ஒன்று, தறிக்குடோனில் அத்தனை தறியும் ஓடுகிற சத்தத்தில் கால் நீட்டித் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் திடுக்கிட்டு எழுந்து குரைக்கும். குக்கர் விசிலும் பள்ளிக்கூடப் பையனும் டைகருக்கு மட்டுமா பழகியிருக்கிறது? அவளுக்கும்தான். கூண்டுக்குள் போனால் அதெல்லாம் வீண்.

பொள்ளாச்சிக்காரர்களைப் பற்றி நீங்கள் எதுவும் விசாரித்ததாகவே தெரியவில்லை. தோப்பு என்றதும் ஓடித்திரியும் என்று நினைத்துக்கொண்டீர்கள். பகல் முழுக்கத் தென்னை மரத்தில் கட்டிக் கிடக்கிற நாய்கள்தான் அங்கே அதிகம். தோப்பு ஆனைமலை அடிவாரத்தில் என்றால் ராத்திரி நாய் எங்கே படுக்கும் என்று கேளுங்கள். சிறுத்தை இறங்கி வரும், சங்கிலியில் கிடப்பது ஓடக்கூட முடியாது. சரியான பதில் வராவிட்டால் டைகரையும் கொடுக்காதீர்கள்.

பதில் சரியாக இருந்தால் அவர்களுக்கு முதலில் அவளைக் காட்டுங்கள். டைகர் உள்ளறையில் இருக்கட்டும். "காவலுக்கு இவளே போதுமுங்க, ஆபரேஷனுக்கு நாங்க பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். கடுவன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏன் என்று கேளுங்கள், வாய்விட்டுக் காரணம் சொல்லட்டும். அவர்கள் எடுக்காவிட்டால் பதினாறு வாரம்வரை அவள் உங்களிடமே இருக்கட்டும். பெயர் வைத்து, கார்டில் எழுதி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள், சிலர் நான் சொன்னால் கேட்பார்கள். ஆபரேஷன் செலவில் பாதியை நான் தருகிறேன்.