கப் ஜெயிக்காத கோச்சுக்கு ஏன் இவ்ளோ அழுகை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏ-ல கோச்சா இருந்த ஃப்ளிப் சாண்டர்ஸ் ஒரு கப் கூட அடிக்காதவர்தானே, அவர் இறந்தப்போ பிளேயர்ஸ் ஏன் சொந்த அப்பா போன மாதிரி உடைஞ்சு போனாங்க? குணமாகுற கேன்சர்னு சொல்லிட்டு எப்படி பொசுக்குனு போனார்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன். அவருக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர் மண்டலத்துல வர்ற ஒரு வகை கேன்சர். 2015 ஜூன்ல கண்டுபிடிச்சு, ஆகஸ்ட் 11 அன்னைக்கு வெளியில சொன்னாங்க, நல்லா குணமாக்கக்கூடிய வகைன்னு டாக்டருங்க சொன்னதையும் சேர்த்துதான் சொன்னாங்க. அது பொய்யில்ல, இந்த நோய்ல பெரும்பாலானவங்க பிழைச்சுடுறாங்க. ஆனா 60 வயசை தொட்டவங்களுக்கு கீமோவை தாங்குறது கஷ்டம், உடம்போட எதிர்ப்பு சக்தியும் அதுல அடி வாங்கிடும். செப்டம்பர்ல சிக்கலாகி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, அக்டோபர் 25 போயிட்டார். ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்டே டீமையும் பார்த்துப்பார்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க பாருங்க, அதான் அதிர்ச்சி அவ்ளோ பெருசா இருந்துச்சு.

இப்போ கப் மேட்டர். என்பிஏ-ல இல்லதான். ஆனா அதுக்கு கீழ இருந்த சிபிஏ-ங்கற சின்ன லீக்ல லா க்ராஸ் டீமை வச்சு 1990, 1992-னு ரெண்டு தடவை ஜெயிச்சவர் அவர். பெரிய ஸ்டார் யாரும் இல்லாம, வாய்ப்பு கிடைக்காதான்னு ஏங்கிட்டு இருந்த பசங்களை வச்சு ஜெயிச்சது, எனக்கென்னமோ அதுதான் அவரோட நிஜ டிகிரின்னு தோணும். 1995-ல மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ்ங்கற என்பிஏ டீம், ஸ்கூல் முடிச்ச கையோட கெவின் கார்னெட்ங்கற பையனை எடுத்தாங்க, 20 வருஷமா யாரும் காலேஜ் போகாத பையனை அப்படி எடுத்ததே இல்ல, ஊரே சிரிச்சுச்சு, அந்த சீசன் பாதியிலயே ஃப்ளிப் கோச் ஆகி அவனை தன் கையில எடுத்துக்கிட்டார். அதுவரைக்கும் பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்கு அப்புறம் வர்ற நாக்அவுட் சுற்று) பக்கமே எட்டிப் பார்க்காத டீம் 1997-ல இருந்து தொடர்ச்சியா 8 வருஷம் போச்சு, 2004-ல கார்னெட் எம்விபி, அதாவது சீசனோட சிறந்த வீரர், டீம் வெஸ்ட் ஃபைனல்ஸ் வரைக்கும், அதாவது கடைசி ஃபைனலுக்கு முந்தின சுற்று வரைக்கும் போச்சு. அடுத்த வருஷமே ஃப்ளிப்பை தூக்கிட்டாங்க, அது வேற கதை.

அப்புறம் அவரே திரும்ப மினசோட்டாவுக்கு வந்து, 2015 பிப்ரவரியில 38 வயசு கார்னெட்டையும் கூட்டிட்டு வந்தார், எதுக்கு, விக்கின்ஸ் மாதிரி சின்னப் பசங்களுக்கு இவன் சொல்லிக் குடுக்கட்டும்னு. எட்டு மாசத்துல கோச் இல்ல. அவர் வண்டி நிறுத்துற இடத்துல கார்னெட் தரையில உக்காந்து, முதுகு மட்டும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ போட்டார். களத்துல எதிராளியை திட்டியே பேர் வாங்குன ஆளுங்க அவர்! மூணே நாள்ல சீசன் தொடக்கம், லேக்கர்ஸ் டீமை 112-111-னு ஜெயிச்சாங்க, அன்னைக்கு கோச்சா நின்ன சாம் மிட்செலே ஃப்ளிப்கிட்ட ஆடுனவர்தான்.

கேள்வி: அவர் பையனும் கோச்சாமே?
– அதே வாசகர்

பதில்: ரயன் சாண்டர்ஸ். அப்பாவோட உதவி கோச்சா இருந்தவர், 2019 ஜனவரியில அதே டீமுக்கு தலைமை கோச், அப்போ வயசு 32. அப்பா பேருக்காக குடுத்தாங்கன்னு பேச்சு இருந்துச்சு, கொஞ்சம் நிஜமும் இருக்கலாம். 2021 பிப்ரவரியில 7 வெற்றி, 24 தோல்வின்னு நின்னப்போ அனுப்பிட்டாங்க, அந்த கணக்கை வச்சுக்கிட்டு யாருங்க சும்மா விடுவாங்க?