நடிகர், ஹோட்டல் முதலாளி, அப்புறம் கவர்னர்: அர்னால்ட் ஆட்சியில் தேறினாரா?

நடிப்பு, ஹோட்டல் தொழில் இரண்டிலும் இருந்துவிட்டு ஒரு மாநிலத்தை ஆளப் போனவர் யாராவது உண்டா, உருப்படியாக ஏதாவது செய்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் இருக்கிறாரே! 2003 கடைசியிலிருந்து 2011 தொடக்கம் வரை கலிஃபோர்னியா கவர்னர். அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிற பதவி, கிட்டத்தட்ட நம் முதல்வர் மாதிரி.

சினிமாப் புகழில் ஜெயித்தார் என்பது பாதிதான் சரி. படத்தில் பெயர் எடுக்கும் முன்பே கொத்து வேலை கான்ட்ராக்ட், தபாலில் உடற்பயிற்சிப் பாடம், அபார்ட்மென்ட் வாங்கி விற்பது என்று காசு பார்த்த மனுஷன். ஹோட்டல் பக்கம் வந்தால், 1991-ல் நடிகர்கள் ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸோடு சேர்ந்து பிளானட் ஹாலிவுட், அடுத்த வருடம் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஷ்னிட்ஸல், ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்று தன் ஆஸ்திரிய ஊர்ச் சாப்பாடு போட்ட ஷாட்ஸி. பிளானட் ஹாலிவுட் 1999-ல் திவால் மனு போட்டது, 2000-ல் இவர் கழன்றுகொண்டார்.

2003-ல் கவர்னர் கிரே டேவிஸ் மேல் மக்களுக்குச் செம கடுப்பு. மின்வெட்டு, பட்ஜெட்டில் துண்டு, போதாததற்குக் கார் வைத்திருப்பவர்கள் வருடா வருடம் அரசுக்குக் கட்டும் கட்டணம் மூன்று மடங்கு. பதவிக் காலம் முடியும் முன்பே மக்கள் ஓட்டால் அவரை இறக்கும் ‘திரும்ப அழைக்கும்’ தேர்தலில் நிற்பதாக அர்னால்ட் ஜே லெனோவின் டிவி நிகழ்ச்சியில்தான் அறிவித்தார். 135 வேட்பாளர்கள், இவருக்கு 48 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. பதவியேற்ற அன்றே கார் கட்டண உயர்வை ரத்து செய்தார். கைதட்டல் கிடைத்தது, வருடத்துக்குச் சுமார் 400 கோடி டாலர் வருமானம் போனது.

அப்புறம்தான் சறுக்கல். எதிர்க்கட்சி எம்எல்ஏக்களை, ஏன் நர்ஸ்களைக்கூடச் சீண்டிப் பேசினார், நர்ஸ்கள் இவர் போகிற இடமெல்லாம் வந்து கோஷம் போட்டார்கள். 2005-ல் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்ட அவருடைய நான்கு திட்டங்களும் மண்ணைக் கவ்வின. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்ததுதான்: தான் குடியரசுக் கட்சி என்றாலும், டேவிஸிடம் வேலை பார்த்த ஜனநாயகக் கட்சிக்காரர் சூசன் கென்னடியைத் தன் அலுவலகத் தலைமைக்குக் கொண்டுவந்தார். தலைமைச் செயலகத்துக்குள் புகைக்கத் தடை என்பதால் முற்றத்தில் ஒரு கூடாரம் போட்டிருந்தார், இரு கட்சிக்காரர்களையும் அங்கே கூப்பிட்டு சுருட்டுப் புகைக்கு நடுவே பேரம் பேசுவார். 2006-ல் பருவநிலைச் சட்டம் நிறைவேறியது, இரண்டாம் முறையும் ஜெயித்தார்.

பணக் கணக்கில் மட்டும் கடைசிவரை தேறவில்லை. 2009-ல் கஜானா காலியாகி, பலருக்குப் பணத்துக்குப் பதில் கடன் சீட்டு கொடுத்தது மாநிலம். பொருளாதார நெருக்கடி பெரிய காரணம்தான், ஆனால் முதல் நாள் கைதட்டலுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

உருப்படியான வேலை என்றால் என் கணக்கில் தொகுதி எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கிக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்ததுதான். 2008, 2010 வாக்கெடுப்புகளில் அவர் ஆதரவோடு அது வந்தது. 2025-ல் ஆணையம் வரைந்த நாடாளுமன்றத் தொகுதிகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்க இன்னொரு வாக்கெடுப்பு வந்தபோது, பதவியில் இல்லாமலே இறங்கி எதிர்த்தார், தோற்றார்.