எல்லாம் டோபமின்தானா?

அன்புள்ள ஐயா,

இருபத்தைந்து வருஷமாக மும்பை செம்பூரில் இருக்கிறேன். மகன் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். எதைச் சொன்னாலும் "அது டோபமின்மா" என்கிறான். மூளையில் சுரக்கும் ஒரு ரசாயனமாம். அவன் மொபைலை விடாததும் டோபமின், நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதும் டோபமின். போன வாரம் சோம்பலாக இருந்தது, போகவில்லை. அதற்கும் டோபமின் என்றான். சிரிப்பு வந்தது. ஆனால் அறிவியல் என்கிறானே, எப்படி மறுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்களுக்குச் சிரிப்பு வந்த இடத்தில்தான் அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பருக்கும் உறுத்தியது. இளமையில் வியன்னாவில் உளவியலாளர் ஆட்லரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர் அவர். ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளுகிறான், இன்னொருவன் குதித்துக் காப்பாற்றுகிறான். ஆட்லரைக் கேட்டால் இரண்டுக்கும் காரணம் தாழ்வு மனப்பான்மை. ஃபிராய்டின் கொள்கையிலும் இருவருக்கும் இடம் இருக்கிறது. ஐன்ஸ்டைன் அப்படியில்லை. சூரியன் அருகே நட்சத்திர ஒளி இவ்வளவு வளையும் என்று அளவைச் சொல்லிவிட்டார். 1919 கிரகணத்தில் வளையாமல் போயிருந்தால் அவர் கொள்கைக்குத்தான் ஆபத்து.

(ஒரு கணக்கு பிசகியதும் கொள்கையைத் தூக்கிப் போடுவதில்லை என்பதும் உண்மை. யுரேனஸ் நியூட்டன் கணக்குக்கு மசியாதபோது வேறொரு கிரகத்தைத் தேடினார்கள். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது.)

டோபமின்மேல் கோபம் வேண்டாம். மூளை ஆராய்ச்சியாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையைப் பாருங்கள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் செல்கள் துள்ளுகின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால் விளக்கைப் பார்த்ததுமே துள்ளுகின்றன, சாறு வரும்போது சும்மா இருக்கின்றன. விளக்கை எரித்துவிட்டுச் சாறு தராமல் ஏமாற்றினால், அது வரவேண்டிய நொடியில் சரியாக அடங்கிப்போகின்றன. அந்த நொடியில் அடங்காமல் இருந்திருந்தால் விளக்கம் மாட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மகனின் டோபமின் எதிலும் மாட்டாது.

மாட்டுங்காவிலிருந்து தினமும் ஸ்லோ லோக்கல் ரயிலில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் போகிறேன். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து "தோடா சர்கோ" (கொஞ்சம் நகருங்க) என்றால், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது நகர்வார்கள். பாதி உடம்புக்குத்தான் இடம், ஒரு கால் நடைவழியில். உங்கள் ஹார்பர் லைனிலும் இதே கதைதானே? இதே ஆட்கள் சென்னை ரயிலில் ரிசர்வேஷன் பெட்டியில் ஓர் அங்குலம் நகரமாட்டார்கள். மூளை அதேதான். லோக்கலில் சீட்டுக்கு நம்பர் கிடையாது, நாளைக்கு நாமே நாலாவது ஆளாக நிற்க வேண்டிவரும். அதனால் நகர்கிறோம் என்பது என் ஊகம். அப்படியானால் அதே சென்னை ரயிலில், நம்பர் இல்லாத பொதுப் பெட்டியில் நகர வேண்டும். நகராவிட்டால் என் ஊகம் போச்சு.

மகனிடம் ஒன்று கேளுங்கள். வியாழக்கிழமை ராத்திரியே, அம்மா நாளைக்குக் கோயிலுக்குப் போவாளா மாட்டாளா என்று காலண்டரில் எழுதிவைக்கட்டும். ஒரு பத்து வாரத்துக்கு. காரணத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். டோபமின் என்ற சொல் மட்டும் கூடாது.