அது கணக்கில் வரும், மகளே

கேள்வி (கடிதச் சுருக்கம்):

அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு வயது 36. ஈரோடு பக்கம் ஒரு சிற்றூர். பதினான்கு மாதங்களுக்கு முன் இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோவிலிருந்து 81-க்கு வந்தேன். முன்பு நீர்க்கட்டியால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்த மாதவிலக்கு இப்போது மாதம் தவறாமல், அதிகப் போக்குடன் ஏழு நாள் இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் நான் நானாக இருப்பதில்லை. இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத வயிறு ஒரு பாக்கெட் மிக்சரை வாங்கிக்கொள்கிறது. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, மகளுக்கு வாங்கி வைத்த சாக்லேட்டைத் தின்கிறேன். போன மாதம் இரண்டு ஜாங்கிரி தின்றுவிட்டு, வியர்த்து, நெஞ்சு படபடத்துப் படுத்துவிட்டேன். நான்கு மாதத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டது. துணி காயப்போட மாடி ஏறினால் மறுபடியும் மூச்சு வாங்குகிறது. "நகையை அடகு வைத்துச் செய்த ஆபரேஷன் வீண்" என்கிறார் கணவர். மற்ற நாட்களில் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். உலை வைக்க அரிசி அளக்கும்போது நானும் ஒன்பதாவது படிக்கும் மகளும் ஆளுக்கு ஒரு பிடி அரிசியைப் பச்சையாக மெல்லுவோம். அது கணக்கில் வராது. சத்து மாத்திரைகளை ஆறாவது மாதமே நிறுத்திவிட்டேன். மகளின் டியூஷன், மாமனாரின் சர்க்கரை மருந்து என்று செலவு இருக்கும்போது எனக்கு எதற்கு? அந்த ஒரு வாரம் வாயைக் கட்ட வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

மகளே, ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். மிக்சருக்கு ஒரு பக்கம், சாக்லேட்டுக்கு ஒரு பக்கம், ஜாங்கிரிக்கு அரைப் பக்கம். அரிசிக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒரு பிடி என்றால் விரல் நுனியில் நாலு மணியா, உள்ளங்கை நிறையவா? எத்தனை மாதமாக? அரிசி டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனைக்கே எச்சில் ஊறுகிறதா? வெளியூர் போன நாளில் கை எதையோ தேடுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு முதலில் உனக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள். மிக்சர் அப்புறம்.

சோறு அல்லாததைத் தின்னச் சொல்லும் இந்த வேட்கை புதியதல்ல. கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு மண் தின்பதைச் சங்கப் புலவரே பாடியிருக்கிறார். நம் வீடுகளில் அது பச்சை அரிசியாக, சிலேட்டுக் குச்சியாக, திருநீறாக, ஐஸ் கட்டியாக வரும். உடம்பில் இரும்புச்சத்து வற்றும்போது இப்படிப்பட்ட வேட்கை எழுவதை மருத்துவர்கள் வெகு காலமாகப் பார்த்து வருகிறார்கள். நாமோ அதை விளையாட்டாக்கி வைத்திருக்கிறோம். "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும்" என்று சிரித்துக்கொண்டே எத்தனை தலைமுறைப் பெண்பிள்ளைகளின் சோகையை மூடி மறைத்திருக்கிறோம்!

என் அக்காவின் முந்தானை முடிச்சில் எப்போதும் அரிசி இருக்கும். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகக் கடிப்பாள். கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும். அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கும். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்றுதான் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ஹீமோகுளோபின் 6. ஆபரேஷனைத் தள்ளிவைத்து, முதலில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு முந்தைய பத்து வருடமும் அவள் எங்கள் கண் முன்னால்தான் அரிசி மென்றுகொண்டிருந்தாள். நாங்களும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அதனால்தான் உன் ஒற்றை வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

பரிசோதனை முடிவைப் பார்க்காமல் உனக்குச் சோகை என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் உன் கணக்கை நீயே போட்டுப் பார். அறுவை சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அதனால் நீ சாப்பிடும் அளவு குறைந்தது. இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவும் அமிலமும் குறைந்தது. வரவு இப்படி. செலவு என்ன? எடை குறைந்ததும் முட்டைப்பை ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கி, ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை வந்த மாதவிலக்கு இப்போது பன்னிரண்டு தடவை வருகிறது, அதுவும் அதிகப் போக்குடன். இந்த இரண்டுக்கும் நடுவில் அணையாக இருந்தது மாத்திரை. அதையும் உடைத்துவிட்டாய். 118 கிலோவில் மூச்சு வாங்கியதற்கு எடை காரணமாக இருந்திருக்கலாம். 84 கிலோவில், அதே மாடிப்படியில், மறுபடியும் ஏன் வாங்குகிறது என்று உனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா?

இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு சத்து மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். இரும்பு மட்டுமல்ல, பி12, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் அதில் அடங்கும். பி12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் தேவை. உன்னுடைய இரைப்பை சிறுத்துவிட்டது. பி12 நெடுநாள் குறைந்தால் பாதம் மரத்துப்போவதில் தொடங்கி, நரம்பு திரும்பச் சரிசெய்ய முடியாதபடி கெடலாம். மருத்துவமனையில் இதைச் சொல்லியிருப்பார்கள். நீ கேட்டும் இருப்பாய். கேட்டுவிட்டு டியூஷன் கட்டணத்தைக் கட்டியிருப்பாய்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அடகு வைத்த நகைக்கு மாதம் தவறாமல் வட்டி கட்டுகிறாய். அந்த நகையைக் கொடுத்து வாங்கிய உடம்புக்கு மாத்திரை வாங்க மாட்டேன் என்கிறாய். மாமனாரின் சர்க்கரை மருந்து ஒரு நாள் தவறினால் நீயே ஓடிப்போய் வாங்கி வருவாய் என்று உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதற்காக உன்னை மெச்சுகிறேன். பெரியவர்களை அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தில் மருந்து வேண்டிய இருவரில் ஒருவருக்கு மட்டும் வாங்குவதைத் தியாகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ படுத்துவிட்டால் அந்தப் பெரியவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? அவருடைய மருந்து டப்பா எந்த அலமாரியில் இருக்கிறதோ, அதே தட்டில் உன் டப்பாவும் இருக்கட்டும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

அடுத்து, உன் மகள். அரிசி அளக்கும் நேரத்தில் உன் பக்கத்தில் வந்து கை நீட்டுகிறாளே, அவளைப் பற்றி ஒரு வார்த்தை கவலைப்பட்டு நீ எழுதவில்லை. அவளும் மாதாமாதம் ரத்தம் இழக்கிற வயது. அம்மாவைப் பார்த்துப் பழகிய வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். உனக்கு இருக்கும் அதே குறையாகவும் இருக்கலாம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் வாரம் ஒரு நாள் நீல நிறத்தில் ஓர் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அவள் படிப்பது அப்படிப்பட்ட பள்ளி என்றால், அதை விழுங்குகிறாளா, வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னல் வழியாக எறிகிறாளா என்று இன்று இரவே கேள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அது நோய் என்று நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. உன் வீட்டிலாவது தெரியட்டும்.

இந்த வாரமே இருவரும் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபினோடு திரும்பிவிடாதே, ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். அது உடம்பின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் சரிவதற்கு முன்பே கையிருப்பு காலியாகிவிடும். உனக்கு பி12, வைட்டமின் டி இரண்டும் சேர்த்து. முடிவை எடுத்துக்கொண்டு உனக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே போ. மாத்திரையை நிறுத்தியதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்காதே. மாத்திரை போதாது என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். அதிகப் போக்குக்கு மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும்; ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு ஊற்றினாலும் பானை நிறையாது.

பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் சாப்பிடுகிறேன் என்று சமாதானம் எழுதாதே. சிவப்பாக இருப்பதால் பீட்ரூட்டிலிருந்து ரத்தம் ஊறிவிடாது. முருங்கைக்கீரை நல்லது, ஆனால் கீரையிலுள்ள இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். உன் வயிறு வாங்கும் அளவுக்கு அது எந்த மூலைக்கு? அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிச் சமைத்து இருவரும் சாப்பிடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபியோடோ பாலோடோ போடாதே. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. மலம் கறுத்துப் போகும், பயந்து நிறுத்திவிடாதே.

இனி நீ கேட்ட கேள்வி. இரும்பு ஏறினால் அரிசி வேட்கை சில வாரங்களில் அடங்கும் என்று எதிர்பார்க்கலாம். மாதவிலக்குக்கு முந்தைய இனிப்பு ஆசை முழுவதும் போய்விடாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரந்த பகுதியை வெட்டி எடுத்ததால் உன் பசி குறைந்தது. மாதவிலக்குக்கு முன் வருவது வேறு: கருமுட்டை வெளியான பிறகு ஏறிய ஹார்மோன்கள் கடைசி நாட்களில் சரிகின்றன, மனமும் கூடவே சரிகிறது, வாய் இனிப்பைத் தேடுகிறது. போக்கு தொடங்கியதும் தணிந்துவிடும். முன்பு எப்போதாவது வந்தது, இப்போது மாதாமாதம் வருவதால் புது நோய் போல உனக்குத் தெரிகிறது.

மிக்சர் மட்டும் எப்படி இறங்குகிறது என்று வியக்கிறாய். இட்லி கெட்டியாக நின்று வயிற்றை நிரப்பும். மிக்சரும் முறுக்கும் பிஸ்கட்டும் எச்சிலில் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். நிறைந்த உணர்வே வராது. சுருக்கிய இரைப்பையை ஏமாற்ற அதைவிட எளிய வழி இல்லை. ஜாங்கிரி தின்றபோது வந்த படபடப்பு, சர்க்கரைப் பாகு சிறுகுடலில் வேகமாகக் கொட்டியதால் வந்திருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்.

ஆகவே அந்த வாரத்தில் வாயைக் கட்டாதே, வயிற்றைக் காயப் போடாதே. காலை எட்டு மணிக்குள் ஒரு முட்டை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுண்டலோ மீனோ பனீரோ, முதல் வாய் புரதமாக. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடி. சாக்லேட் வேண்டுமா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பகல் வெளிச்சத்தில், மகளுக்கு ஒரு துண்டு உனக்கு ஒரு துண்டு, உட்கார்ந்து தின்னுங்கள். இருட்டில் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, கவரைச் சத்தம் வராமல் பிரித்துத் தின்பவளுக்குக் கணக்கே தெரியாது. மிக்சர் பாக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது மாமனார் உட்பட எல்லோருக்கும் சட்டம். அவர் சர்க்கரைக்கும் அது ஆகாது.

உன் கணவருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடு. தம்பி, நகை போனதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, மனைவி எட்டு மாதமாக மாத்திரை போடவில்லை என்பது தெரியுமா? 37 கிலோ குறைந்து மூன்று கிலோ ஏறியதை வீண் என்கிறீர்களே, மாடிப்படியில் அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தீர்களா? சனிக்கிழமை காலை இருவரையும் பரிசோதனைக்கு நீங்களே அழைத்துப் போக வேண்டும். பிறகு மாத்திரைச் சீட்டை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வாங்கி வருவது உங்கள் வேலை.

மகளே, அடுத்த கடிதத்தில் உன் எடையை எழுதாதே. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் சோகை. உன் வயதுக்கும் உன் மகள் வயதுக்கும் அதே அளவுதான். இரண்டு எண்களை மட்டும் எழுது, உன்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. காத்திருக்கிறேன்.