குடிநீரில் பூச்சிக்கொல்லி இருப்பதை நொதி உணரி எப்படிக் காட்டுகிறது?

நஞ்சு நொதியை எவ்வளவு முடக்கியது என்பதைத்தான் இது அளக்கிறது. உணரியின் மின்முனையில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற, நரம்புச் செயல்பாட்டுக்குத் தேவையான நொதியைப் பதித்திருப்பார்கள். அசிட்டைல்தயோகோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் நொதி அதை உடைத்துத் தயோகோலின் ஆக்கும். அது ஆக்சிஜனேற்றம் அடையும்போது மின்னோட்டம் வரும். ஆர்கனோபாஸ்பரஸ் எனப்படும் பாஸ்பரஸ் கொண்ட பூச்சிக்கொல்லி நஞ்சு, நொதி வேலை செய்யும் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் மூல வடிவில் நொதியை வலுவாகத் தடுப்பதில்லை. கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜன் ஏறிய ஆக்சான் வடிவத்துக்கு மாறினால்தான் முழு வேகம். குளோரின் கலந்த குடிநீரிலேயே அந்த மாற்றம் நடக்கக்கூடும். குளோரின் கலக்காத கிணற்று நீரென்றால், மாதிரியை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்யாமல் 'நஞ்சு இல்லை' என்று எழுதிவிடுவது ஆபத்து.

கார்பமேட் என்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லியும் சில கன உலோகங்களும்கூட இதே மின்னோட்டக் குறைவைத் தரும். எது காரணம் என்று உறுதிசெய்ய மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைமானிச் சோதனை வேண்டும்.